வாசலில் ஒட்டிக்கொள்ளும் கால்: யாருக்காவது வழி தெரியுமா?

வணக்கம். மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம், பழைய தோட்டத்து லயத்து வீட்டில் இருக்கிறோம். அப்பாவுக்கு 68 வயது. 2019-ல் பார்கின்சன் (நடுக்கமும் அசைவில் தடுமாற்றமும் தரும் நரம்பு நோய்) என்று தெரிந்தது. முப்பது வருடம் பால்மரம் (ரப்பர்) வெட்டிய கை இப்போது சட்டைப் பொத்தானோடு மல்லுக்கட்டுகிறது. அது பரவாயில்லை, நான் போட்டுவிடுகிறேன்.

கால்தான் பிரச்சினை. நான்கு மாதமாக, குளியலறை வாசலுக்கு வந்ததும் பாதம் தரையோடு ஒட்டிக்கொண்டதுபோல் நின்றுவிடுகிறார். உடம்பு மட்டும் முன்னே சாய்கிறது. இரண்டு முறை விழுந்துவிட்டார். விடியற்காலையில், முதல் மாத்திரை வேலை செய்வதற்கு முன்புதான் ரொம்ப மோசம்.

பார்கின்சனுக்கான லெவோடோப்பா மாத்திரையைப் பசியாறுவதற்கு அரை மணி நேரம் முன்பே கொடுக்கிறோம். கூடத்தில் குறுக்கே மஞ்சள் டேப் ஒட்டினேன். கோட்டைத் தாண்டித் தாண்டி நன்றாகவே நடக்கிறார். "நிரையில (பால்மர வரிசையில) மரம் மாறுற மாதிரி இருக்கு" என்று சிரிக்கிறார். குளியலறை ஈரத்தில் அதே டேப் இரண்டே நாளில் உரிந்துவிடுகிறது. ஒண்ணு, ரெண்டு என்று எண்ணிப் பார்த்தோம், சில நாள்தான் பலிக்கிறது. நாலுகால் ஊன்றுகோல் குறுகலான வாசலில் இடிக்கிறது. ஈப்போ மருத்துவமனைத் தேதிக்கு இன்னும் ஆறு வாரம்.

ஈர சிமெண்டுத் தரையில் உரியாமல், வழுக்காமல் நிற்கிற கோடு போட நீங்கள் எதைப் பயன்படுத்தினீர்கள்?