பின் ஆக்சிஜன் சென்சார் இறுகிவிட்டது, கேட்டலிடிக் கன்வெர்ட்டர் கழற்ற உதவி தேவை

கிருஷ்ணகிரி, தருமபுரி நண்பர்களுக்கு வணக்கம். 1.2 லிட்டர் பிஎஸ்4 பெட்ரோல் கார், பிழைக் குறியீடு (கோடு) பி0420, அதாவது புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் சரியாக வேலை செய்யவில்லை. தொப்பூர் ஏற்றத்தில் இழுவையே இல்லை. கன்வெர்ட்டருக்கு முன்னால் உள்ள ஆக்சிஜன் சென்சார் 0.1–0.9 வோல்ட் ஏறி இறங்குகிறது, சரி. பின்னது 0.6–0.7இல் நிலையாக நிற்க வேண்டும், அதுவும் கூடவே ஆடுகிறது. முன் சென்சார் துளையில் பிரஷர் கேஜ் மாட்டினால் 2500 ஆர்பிஎம்மில் 4 பிஎஸ்ஐ. 3 தாண்டினாலே புகை வழியில் அடைப்புதான். எக்ஸாஸ்ட் லீக், மிஸ்ஃபயர் எதுவும் இல்லை.

பின் சென்சார்தான் கழல மறுக்கிறது. துரு எண்ணெய் ஊறவைத்து, பைப் வெதுவெதுப்பாக இருக்கும்போது ஒயர் நுழையும் வெட்டுள்ள 22 எம்எம் சாக்கெட் போட்டும் அசையவில்லை. இன்னும் முறுக்கினால் மரை பிய்ந்துவிடும். அந்த மரை பின் பைப்பில் இருப்பதால் கன்வெர்ட்டரை மாற்றினாலும் அதுதான் வேண்டும். டார்ச்சால் சுற்றிலும் சூடேற்றிக் கழற்றி, எம்18×1.5 டாப் (மரை வெட்டும் கருவி) விட்டு மரையைச் சுத்தம் செய்பவர் கிருஷ்ணகிரியிலோ ஓசூரிலோ யார்?

கன்வெர்ட்டர் உள்ளே இருப்பதை உடைத்தெடுத்துவிட்டு, பின் சென்சாரைப் புகையிலிருந்து தள்ளி நிறுத்தும் ஸ்பேசர் போடும் யோசனை தயவுசெய்து வேண்டாம். எஞ்சின் எச்சரிக்கை விளக்கு அணையும், ஆனால் கார்பன் மோனாக்சைடு அப்படியே வெளியே வரும், சட்டப்படியும் தவறு. பழைய கன்வெர்ட்டரில் பிளாட்டினம், பலேடியம், ரோடியம் இருக்கிறது. அதை எடுத்துக்கொண்டு புதியதில் விலை குறைக்கும் கடை தெரிந்தால் சொல்லுங்கள்.