"நான் ரோபோ இல்லை" பக்கம் வந்துபோன லேப்டாப்: ஃபார்மேட் அடிக்கணுமா?

மதுரைமணி: அப்பா ஒரு பிடிஎஃப் தேடும்போது "ரோபோ இல்லை என்று நிரூபியுங்கள்" என ஒரு பக்கம் வந்திருக்கிறது. டிக் செய்ததும் விண்டோஸ் கீயோடு ஆர், அப்புறம் கன்ட்ரோல் வி, கடைசியில் என்டர் என்று சொல்லியிருக்கிறது. ரன் பெட்டி திறந்தது நினைவிருக்கிறதாம். என்டர் தட்டினாரா என்று அவருக்கே தெரியவில்லை. விண்டோஸோடு வரும் ஆன்டிவைரஸான டிஃபெண்டர் ஸ்கேனில் ஒன்றும் சிக்கவில்லை.

செந்தில்: தம்பி, யோசிக்கவே வேண்டாம். ஃபார்மேட் அடிங்க. ஸ்கேன் சுத்தம் என்றால் மெஷின் சுத்தம் என்று அர்த்தமில்லை.

கயல்: அவசரப்படாதீங்க. பக்கத்தைத் திறந்தாலே வைரஸ் ஏறுவது பெரும்பாலும் பிரவுசரில் வீடியோவும் கேமும் ஓட்டிய ஃப்ளாஷ் காலத்துக் கதை. 2020 டிசம்பரோடு ஃப்ளாஷ் முடிந்துவிட்டது. பிரவுசரை உடைப்பது கஷ்டமானதால்தான் பக்கமே நமக்குத் தெரியாமல் காப்பி செய்துவைத்த கட்டளையை, நம் கையாலேயே ரன் பெட்டியில் ஒட்டி ஓடவைக்கப் பார்க்கிறார்கள். என்டர் தட்டாதவரை அது வெறும் எழுத்து.

செந்தில்: எல்லாமே பழைய கதை இல்லை. 2025 மார்ச்சில் ஆன்டிவைரஸ் நிறுவனமான காஸ்பர்ஸ்கி கண்டுபிடித்த குரோம் ஓட்டைக்கு லிங்க்கைத் திறந்தாலே போதும்.

கயல்: உண்மைதான் அண்ணா. ஆனால் அது ரஷ்யாவில் ஊடகங்களையும் கல்வி, அரசு அமைப்புகளையும் குறிவைத்து மெயிலில் போனது. கூகுளும் உடனே அடைத்துவிட்டது. பிடிஎஃப் தேடுகிறவர் மேல் அதை யாரும் செலவழிக்க மாட்டார்கள். மணி, ரன் பெட்டியின் கீழ்நோக்கிய அம்பை அழுத்துங்கள், முன்பு ஓட்டியதெல்லாம் தெரியும். புதிதாக ஏதாவது இருந்தால் நோட்பேடில் ஒட்டிப் படியுங்கள். மறந்தும் என்டர் வேண்டாம்.

செந்தில்: அந்தப் பட்டியலை மால்வேரே அழித்துவிடலாம். காலியாக இருந்தால் தப்பித்தோம் என்று நம்பிவிடக் கூடாது.

மதுரைமணி: பட்டியலில் புதிதாக ஒன்று இருக்கிறது. பெட்டியில் பச்சை டிக்கும் "நான் ரோபோ இல்லை" என்ற வரியும் மட்டும்தான் தெரிந்தது. நோட்பேடில் ஒட்டினால் அதற்கு முன்னால் எம்எஸ்எச்டிஏ என்று தொடங்கி ஒரு நீளமான இணைய முகவரி.

செந்தில்: எம்எஸ்எச்டிஏ என்பது இணையத்திலிருந்து நிரலை எடுத்து ஓட்டும் விண்டோஸ் கருவி. பட்டியலில் இருப்பதால் அது ஓடிவிட்டது. வைஃபையை அணைங்க, உடனே ஃபார்மேட்.

கயல்: வைஃபையை அணைப்பது சரி. ஃபார்மேட் இரண்டாவது வேலை, இதில்தான் உங்களோடு ஒத்துப்போக முடியவில்லை. லும்மா மாதிரித் தகவல் திருடும் மால்வேர்கள் பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டையும், நாம் லாகின் செய்திருப்பதற்கு அடையாளமான குக்கியையும் சில நிமிடத்தில் அள்ளிக்கொண்டு போய்விடும். போனது ஃபார்மேட்டால் திரும்பாது. குக்கி கையில் இருந்தால் பாஸ்வேர்டும் வேண்டாம், ஓடிபியும் வேண்டாம். அப்பாவின் போனிலிருந்து முதலில் மெயிலின் பாஸ்வேர்டை மாற்றி, எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேற்றுங்கள். அடுத்து வங்கிக் கணக்கு. அந்த லேப்டாப்பில் இருந்துகொண்டு எதையும் மாற்றாதீங்க, புதிய பாஸ்வேர்டும் அதே வழியில் போய்விடும்.

செந்தில்: சரி, வரிசையை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பேக்கப் எதுவும் வேண்டாம்.

கயல்: குடும்பப் போட்டோக்களை ஏன் இழக்க வேண்டும்? படங்களையும் ஆவணங்களையும் மட்டும் பென் டிரைவில் எடுக்கட்டும். இன்ஸ்டாலர் எதுவும் கூடாது. கணக்கில் பணம் குறைந்திருந்தால் ஃபார்மேட்டுக்கு முன்பே சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கு போன் போடுங்க மணி.