கன்னத்தைத் தொட்டால் இல்லாத விரலில் உணர்வு வருமா?

கேள்வி (சாட்ஸ்வொர்த், டர்பன்):
கரும்பாலை விபத்தில் இடக்கையை இழந்த என் அப்பாவுக்கு ஞாயிறுதோறும் நான்தான் முகம் மழித்துவிடுகிறேன். சோப்பு நுரையோடு பிரஷ் இடக்கன்னத்தில் படும்போதெல்லாம், இல்லாத கட்டைவிரலை யாரோ வருடுவதுபோல் இருக்கிறது என்கிறார். இது மனப்பிரமையா?

மறுமொழி (பீட்டர்மாரிட்ஸ்பர்க்):
பிரமை அன்று, தம்பி. அப்பா சொல்வதை அப்படியே நம்புங்கள். உடலின் தொடுவுணர்வு முழுவதும் மூளையின் மேற்பரப்பில் ஒரு வரைபடம்போல் அமைந்திருப்பதை நரம்பு அறுவை மருத்துவர் வைல்டர் பென்ஃபீல்டு 1937இல் விவரித்தார். அதில் கைக்குரிய பகுதியை ஒட்டியே முகத்துக்குரிய பகுதி இருக்கிறது. கையிலிருந்து செய்தி வருவது நின்றபின் முகத்தின் தூண்டல் அந்த இடத்தையும் எழுப்புகிறது என்று, தமிழ்நாட்டில் பிறந்த நரம்பியல் ஆய்வாளர் வி. எஸ். ராமச்சந்திரன், கையிழந்தவர்களின் கன்னத்தைப் பஞ்சுக்குச்சியால் தொட்டுப் பார்த்து 1990களில் விளக்கினார்.

மறுமொழி (ஃபீனிக்ஸ், டர்பன்):
ஐயா சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். கையின் வரைபடம் பல ஆண்டுகளுக்குப் பிறகும் மூளையில் அழியாமல் இருப்பதைப் பிந்தைய ஆய்வுகள் காட்டியிருப்பதால், காரணம் பற்றிய விவாதம் முடியவில்லை. ஆனால் உணர்வு உண்மையானது என்பதில் ஐயமில்லை. அப்பாவுக்கு அந்த விரலில் வலியும் உண்டா, தம்பி?

கேள்வி கேட்டவர்:
இரவில் உண்டு, அக்கா. இதுவரை மருத்துவரிடம் சொல்ல அவர் கூச்சப்பட்டார். இந்த வாரமே அழைத்துச் செல்கிறேன்.