பச்சை வேம்பில் வெங்காயப் பட்டறை: இப்போதே கட்டலாமா, காயவிட வேண்டுமா?

செட்டிகுளத்துக்காரன்

வைகாசியில் அடித்த சூறைக்காற்றில் எங்கள் கிணற்று மேட்டில் நின்ற இரண்டு வேம்பும் ஒரு வாகையும் வேரோடு சாய்ந்துவிட்டன. விலை கேட்டு வந்த வியாபாரி விறகுக் கணக்கில் பேசினார். கொடுக்க மனம் வரவில்லை. செயின் சாவில் பொருத்தும் அலுமினியச் சட்டம் ஒன்றை வாங்கி, நானும் மச்சானும் பத்து நாளாகக் களத்திலேயே அறுத்துக்கொண்டிருக்கிறோம். தூண், உத்திரம், கைமரம் (கூரையைத் தாங்கும் சாய்வுச் சட்டம்), பலகை எல்லாம் சேர்த்து ஐம்பது கன அடி தேறும்.

கட்டப்போவது சின்ன வெங்காயத்தைச் சேமித்து வைக்கும் பட்டறை. நீளம் 16 அடி, அகலம் 12 அடி. கருங்கல் நட்டு ஒன்றரை அடி உயரத்தில் தளம், நான்கு பக்கமும் இடைவெளி விட்ட பலகைச் சுவர், மேலே பழைய வீட்டில் பிரித்து வைத்திருக்கும் சீமை ஓடு. ஆடிப் பட்டத்து வெங்காயம் ஐப்பசிக் கடைசியில் வெட்டுக்கு வந்துவிடும். ஊர் ஆசாரி ஒரு வருடம் காயப்போடு என்கிறார். மச்சான் நாளைக்கே குழி தோண்டலாம் என்கிறார். அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

உளிச்சத்தம்

உங்கள் ஊர் ஆசாரி சொன்னதைக் கேளுங்கள். மூன்று தலைமுறையாக எங்கள் குடும்பத்துக்கு இதுதான் தொழில். பச்சை மரத்தில் கழுந்து (மூட்டுக்காக முனையில் விடும் நாக்கு) செதுக்கித் துளையில் இறக்கினால், அன்றைக்குச் சுத்தியலால் அடித்துத்தான் உள்ளே போகும். ஆறு மாதம் கழித்து விரலால் ஆட்டினால் ஆடும். பத்து அங்குலப் பலகை காய்ந்து முடிப்பதற்குள் அரை அங்குலம் வரை குறுகும். நீளம் குறையாது, அகலம் மட்டும் குறையும். அதிலும் மரத்தின் வளர்ச்சி வளையத்தை ஒட்டிய பக்கம் ஒரு மடங்கு குறுகினால், மையத்திலிருந்து வெளியே போகும் பக்கம் அதில் பாதிதான் குறுகும். பலகை கிண்ணம் போலக் குழிவதற்கும் தூண் வெடிப்பதற்கும் அதுதான் காரணம்.

வாகையைப் பற்றித் தனியாகச் சொல்கிறேன். வைரம் பாயாத வெளுத்த பகுதியை அப்படியே வைத்துக் கட்டினால், மறு வருடம் தூணுக்கு அடியில் அரிசி மாவு கொட்டியது போல் குவிந்திருக்கும். வண்டு உள்ளே புகுந்துவிட்டது என்று பொருள்.

கோடரிக்காம்பு

ஆசாரி அண்ணன் அலமாரி செய்யும் கணக்கைக் கொட்டகைக்குச் சொல்கிறார். பொங்கலூர்ப் பக்கம் எங்கள் தோட்டத்துப் பட்டறையை 2019இல் பச்சை வேம்பில்தான் கட்டினேன். இன்றும் நிற்கிறது. நம் பாட்டன்மார் மாட்டுக் கொட்டகைக்கு மரம் வெட்டியபோது ஒரு வருடம் காத்திருந்தார்களா? காலையில் வெட்டிச் சாயங்காலம் நட்டார்கள்.

பலகை குறுகட்டும். வெங்காயப் பட்டறைக்கு இடைவெளிதானே வேண்டும்? காசு கொடுத்து வாங்க வேண்டிய இடைவெளியை மரமே கொடுக்கிறது என்றால் எதற்கு அழ வேண்டும்? பச்சை மரம் ரம்பத்துக்கு வெண்ணெய். காய்ந்த வேம்பில் ஆணி இறங்குமா என்று அடித்துப் பாருங்கள், ஆணிதான் மடங்கும். செய்ய வேண்டியது இவ்வளவுதான்: பலகையின் இரு ஓரத்திலும் ஆணி அடிக்காதீர்கள். நடுவில் ஒரே வரிசையாக அடித்தால் இரண்டு பக்கமும் தாராளமாகச் சுருங்கிக்கொள்ளும். இரண்டு ஓரத்தையும் பிணைத்தால் நடுவில் பிளக்கும். மூட்டுக்குக் கழுந்தை நம்பாமல் போல்ட்டும் பெரிய வாஷரும் போடுங்கள், வருடத்துக்கு இரண்டு முறை முறுக்கிவிடுங்கள்.

உளிச்சத்தம்

பாட்டன் நட்ட கொட்டகை மேலே இருந்தது கீற்று, தம்பி. இவர் ஏற்றப்போவது சீமை ஓடு. தாழ்வாரம் சேர்த்து நானூறு ஓடு பிடிக்கும். ஒவ்வொரு ஓடும் இரண்டு கிலோவுக்கு மேல். முக்கால் டன்னுக்கும் மேலான பாரம் பச்சைக் கைமரத்தில் உட்கார்ந்தால் என்ன ஆகும்? உடையாது. தொய்யும். தொய்ந்த நிலையிலேயே காய்ந்துவிடும். பிறகு ஓட்டை இறக்கினாலும் நிமிராது. முகட்டில் நின்று பார்த்தால் ஓட்டு வரிசை கடல் அலை போலத் தெரியும், மழைக்கு எந்த அலையில் ஒழுகுகிறது என்று தேடிக்கொண்டிருக்க வேண்டும். உங்கள் 2019 பட்டறைக்கு மேலே என்ன கூரை என்று சொல்லிவிட்டுப் பேசுங்கள்.

கோடரிக்காம்பு

தகரம்.

உளிச்சத்தம்

நினைத்தேன்.

லீட்ஸ்வாசி

நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். இங்கே இங்கிலாந்தில் பழைய மரச்சட்ட வீடுகள் பெரும்பாலும் பச்சை ஓக் மரத்தில் கட்டியவைதான். நூற்றாண்டுகளாக நிற்கின்றன. லண்டனில் 1997இல் திறந்த ஷேக்ஸ்பியர் குளோப் அரங்கையும் பச்சை ஓக்கில் கழுந்து செதுக்கி, மர ஆணி அடித்துத்தான் மீண்டும் எழுப்பினார்கள். மூட்டு தளரவில்லை. காரணம், மர ஆணியை நன்றாகக் காய்ந்த மரத்தில் செய்வார்கள். ஆணித் துளையையும் நேருக்கு நேர் போடாமல் சிறிது விலக்கிப் போடுவார்கள். ஆணி இறங்கும்போது கழுந்தை இழுத்துக்கொண்டு போகும். மரம் சுருங்கினாலும் பிடி விடாது. ஆகவே பச்சை மரமே கூடாது என்பது சரியல்ல.

ஆனால் தொய்வு விஷயத்தில் ஆசாரி ஐயா சொல்வது உண்மை. வட அமெரிக்க மரக்கட்டுமான விதிகளில் நீண்ட காலப் பாரத்தால் வரும் வளைவைக் காய்ந்த மரத்துக்கு ஒன்றரை மடங்காகவும் பச்சை மரத்துக்கு இரண்டு மடங்காகவும் கணக்கிடச் சொல்கிறார்கள். ஓடுதான் என்றால் கைமரத்தைத் தடிமனாக அறுங்கள், இடைவெளியைக் குறையுங்கள்.

உளிச்சத்தம்

ஐயா, உங்கள் ஊரில் வெயில் என்பதே விருந்தாளி. மரம் மெதுவாக, பதமாகக் காயும். இங்கே கத்திரி வெயிலில் அறுத்த பலகையை மதியம் வரை களத்தில் விட்டுப் பாருங்கள், முனையில் விரல் நுழையும் அளவு வெடித்திருக்கும். மர ஆணி யோசனை நல்லது, ஒத்துக்கொள்கிறேன். எங்கள் தாத்தா மூங்கில் முளை அடிப்பார்.

பட்டறைக்காவல்

எல்லோரும் மரத்தைப் பற்றியே பேசுகிறீர்கள். உள்ளே இருக்கப்போவது வெங்காயம் என்பது யாருக்காவது ஞாபகம் இருக்கிறதா?

பச்சை வேம்பு காயும்போது கன அடிக்கு ஏழெட்டு லிட்டர் தண்ணீராவது வெளியே போகும். ஐம்பது கன அடிக்குக் கணக்குப் போடுங்கள். இரண்டு டீசல் டிரம் தண்ணீரைப் பட்டறைக்குள் வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாக்குவது போன்றது. அதுவும் எந்த மாதத்தில்? ஐப்பசி, கார்த்திகையில். அடைமழைக் காலத்தில் மரம் காயவும் காயாது, ஈரம் போகவும் போகாது. வெங்காயத்தின் கழுத்தில் கறுப்புப் பொடி பிடிக்கும், அடியில் வேர் விடும். மேல் அடுக்கு நன்றாகவே இருக்கும். கையை உள்ளே விட்டுப் பார்க்கும்போதுதான் நடுவில் வெந்நீர்ப் பானை போலச் சூடு தெரியும், அந்த நாற்றத்தை அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும். நான் ஒருமுறை நாற்பது மூட்டையைக் குழியில் கொட்டினேன். அப்போது குற்றம் மரத்தினுடையது அல்ல, தாள் காயாமல் அவசரமாக ஏற்றிய என்னுடையது. ஈரம் எங்கிருந்து வந்தாலும் வெங்காயம் பாகுபாடு பார்க்காது.

கோடரிக்காம்பு

இது நியாயமான பேச்சு. ஆனால் இன்னும் ஐந்து மாதம் இருக்கிறது. நடுவில் ஆடி இருக்கிறது. அம்மியே பறக்கும் காற்றில் அந்த இரண்டு டிரம்மும் பறக்காதா?

என் யோசனை: ஆனிக்குள் தூணையும் உத்திரத்தையும் மட்டும் நிறுத்திவிடுங்கள். மேலே தற்காலிகமாகக் கீற்றோ தார்ப்பாயோ போடுங்கள். சுவர்ப் பலகைகளை அடிக்க வேண்டாம். அவற்றை அந்தக் கூரைக்கு அடியிலேயே அடுக்குங்கள். ஒவ்வொரு வரிசைக்கும் நடுவில் ஒரு அங்குல ரீப்பர் (மெல்லிய மரச் சட்டம்) துண்டுகள், இரண்டு அடிக்கு ஒன்று, மேலிருந்து கீழ்வரை ஒரே நேர்க்கோட்டில். கோடு தவறினால் பலகை பாம்பாகும். உச்சியில் பாரத்துக்குக் கருங்கல். நான்கு பக்கமும் திறந்திருப்பதால் காற்று குறுக்கே போகும், வெயில் படாது. பட்டறையே தன் பலகையைக் காயவைத்துக்கொள்ளும். புரட்டாசியில் அடித்து முடிக்கலாம்.

வண்டுக்கு மருந்து போடவும் பச்சை மரம்தான் வசதி. போராக்ஸும் போரிக் அமிலமும் ஏறத்தாழ மூன்றுக்கு இரண்டு என்ற அளவில் வெந்நீரில் கரைத்து, அறுத்த அன்றே பூசி, சில வாரம் தார்ப்பாயால் மூடி வைத்தால், மரத்தின் ஈரத்தின் வழியாகவே மருந்து உள்ளே இறங்கும். காய்ந்த மரத்தில் இப்படி இறங்காது. மழை நேராகப் படும் இடத்தில் மட்டும் கரைந்து போய்விடும்.

பட்டறைக்காவல்

வெங்காயம் படும் தளத்தில் அந்த மருந்து வேண்டாம். தளத்துக்கு மூங்கில் பிளாச்சு போடுங்கள். மற்றபடி இந்த யோசனைக்கு நான் எதிரி இல்லை. ஒரு நிபந்தனை: நாள் கணக்கை நம்பிச் சுவர் அடிக்கக் கூடாது, எடையை நம்ப வேண்டும். ஒரு பலகையை எடுத்து வாரம் ஒருமுறை தராசில் வையுங்கள். எடை குறைவது நிற்கும் வரை வெங்காயத்தை உள்ளே விடாதீர்கள்.

உளிச்சத்தம்

பலகைக்கு ஒத்துக்கொள்கிறேன். தூணுக்கு ஒத்துக்கொள்ள மாட்டேன். ஆறு அங்குலத் தூண் ஐந்து மாதத்தில் உள்வரை காயாது, அது இரண்டு மூன்று வருடக் கதை. வெடிக்கத்தான் போகிறது. வெடிப்பு மேலிருந்து கீழாக ஓடினால் பாரம் தாங்கும், பயமில்லை. பட்டையைப் பார்த்து, முறுக்கு ஓடிய மரமாக இருந்தால் தூணுக்கு வைக்காதீர்கள். திருகிக்கொண்டு உத்திரத்தையும் இழுக்கும். கைமரத்துக்கு மட்டும் பழைய காய்ந்த மரம் கிடைக்கிறதா என்று பாருங்கள். ஓட்டைப் பிரித்த வீட்டில் கைமரம் என்ன ஆயிற்று?

செட்டிகுளத்துக்காரன்

அட, அது மாட்டுக் கொட்டகையின் பின்புறம் கிடக்கிறது! பனங்கை. வைரம் பாய்ந்தது. அடுப்புக்குப் போகாமல் இருப்பதே அம்மா புண்ணியம். நாளையே எடுத்து அளக்கிறேன். வாகை அறுக்கும்போது தும்மித் தும்மி எனக்கு மூக்கே இல்லாமல் போய்விட்டது, இனி மூக்கைத் துணியால் கட்டிக்கொண்டுதான் அறுக்க வேண்டும். இன்னொரு வயிற்றெரிச்சல், செயின் சா ஒரு வெட்டுக்குக் கால் அங்குலத்துக்கு மேல் தின்கிறது. நான்கு பலகை அறுத்தால் ஒரு பலகை தூளாகக் களத்தில் கிடக்கிறது.

செட்டிகுளத்துக்காரன் (புரட்டாசி மூன்றாம் வாரம்)

கேட்டவர்களுக்காக நிலவரம். ஆனிக் கடைசியில் ஆறு தூணும் உத்திரமும் நின்றுவிட்டன. கைமரம் பனங்கை. அதனால் கீற்றுக்குப் பதிலாக ஓட்டையே ஏற்றிவிட்டேன். வரிசை நேராக இருக்கிறது. குறி வைத்த பலகை அறுத்த அன்று 4 கிலோ 150 கிராம் இருந்தது. ஆடி முடிவில் 3 கிலோ 100. இந்த மாதம் மூன்று வாரமாக 2 கிலோ 900லேயே நிற்கிறது. பலகையிலேயே பென்சிலால் எழுதி வைத்திருக்கிறேன். நேற்று ஆணி அடிக்கத் தொடங்கினோம். போல்ட்டுகள் ஒவ்வொன்றும் அரைச் சுற்று வாங்கின, வடமேற்கு மூலையில் மட்டும் ஒரு முழுச் சுற்று.

அந்த மூலையில்தான் தவறு செய்தேன். முறுக்கு ஓடிய மரம் என்று பட்டையிலேயே தெரிந்தது, நேரான மரம் வேறு இல்லாததால் நட்டுவிட்டேன். அரை அங்குலம் திருகிவிட்டது. உத்திரத்தோடு சேரும் இடத்தில் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நிற்கிறது. ஆப்பு வைத்திருக்கிறேன்.

ஊர் ஆசாரி வந்து பார்த்தார். அந்தத் தூணை மட்டும் விரல் மடக்கித் தட்டிப் பார்த்துவிட்டு, மிச்சமிருக்கும் வாகைப் பலகையை என்ன செய்யப்போகிறாய் என்று கேட்டார். அவர் ஒரு வருடம் காயப்போட்டுக் கட்டில் செய்வாராம்.

உளிச்சத்தம்

கொடுங்கள். முனைகளில் சாணி குழைத்துப் பூசிவிட்டுக் கொடுங்கள், வெடிப்பு குறையும். விறகுக் கணக்கில் மட்டும் பேசிவிடாதீர்கள். அந்த ஆப்பு எந்த மரம்? பச்சை வேம்பு என்றால் உடனே மாற்றுங்கள்.