டிஸ்க் போனா எவ்வளவு சீக்கிரம் மறுபடி வேலைக்கு வரலாம்? ஃபைல் சர்வர் அனுபவங்கள்

சிவகாசில ஒரு ஆஃப்செட் பிரஸ்ஸுக்கு சர்வர் வேலை நான்தான் பாக்குறேன். ஆடிப்பெருக்குக்கு காலண்டர் ஆல்பம் வந்துட்டா அப்புறம் டிசம்பர் வரைக்கும் டிசைனர்ஸ் யாரும் சீட்ட விட்டு எந்திரிக்க முடியாது, அத்தன பேரோட ஃபைலும் ஒரே சர்வர்லதான். அந்த சீசன் நடுவுல ஒரு டிஸ்க் போச்சு. எனக்கு முன்னாடி இருந்தவங்க போட்ட செட்டப், நாலு 8 டிபி டிஸ்க், பல டிஸ்க்க ஒண்ணா சேத்து ஓட்டுற ரெய்டு கார்டுல ரெய்டு 5, அதாவது ஒரு டிஸ்க் போனாலும் மத்த மூணுல இருந்து டேட்டாவ மீட்டுடலாம். புது டிஸ்க்க சொருகினதும், போன டிஸ்க்ல இருந்தத அதுல திரும்ப எழுதுற ரீபில்ட் ஓட ஆரம்பிச்சிருச்சு, ஆனா 8 டிபிய விநாடிக்கு 200 எம்பினு விடாம எழுதினாலே 11 மணி நேரம் ஆகும், இங்க எல்லாரும் ஃபைல தொறந்து வேலையும் பாத்துக்கிட்டு இருக்காங்க, அதனால அடுத்த நாள் ராத்திரி வரைக்கும் இழுத்துச்சு. அதுக்குள்ள இன்னொண்ணு போயிருந்தா மொத்தமும் காலி. முதலாளி முகத்த பாக்கவே கஷ்டமா இருந்துச்சு.

சீசன் முடிஞ்சதும் எல்லாத்தையும் மிரர் ஜோடியா மாத்திட்டேன், அதாவது ஜோடில ரெண்டு டிஸ்க்லயும் ஒரே டேட்டா இருக்கும். ரெய்டு கார்ட எடுத்துட்டு, டிஸ்க்க அப்படியே சிஸ்டத்துக்கு காட்டுற ஐடி மோட் எச்பிஏ கார்டு, மேல மிரர பாத்துக்குற இசட்எஃப்எஸ் ஃபைல் சிஸ்டம். பாதி இடம் போகுதேன்னு கேப்பாங்க, போகட்டும். மிரர்ல ஒண்ணு போனா அதோட ஜோடிய மட்டும் படிச்சா போதும், அதுலயும் டேட்டா இருக்குற அளவுதான் காப்பி ஆகும், காலி இடத்த தொடாது. இன்னொரு சின்ன விஷயம், ஒவ்வொரு ட்ரே முன்னாடியும் டிஸ்க்கோட சீரியல் நம்பர் கடைசி நாலு எழுத்த ஸ்டிக்கர்ல எழுதி ஒட்டிருக்கேன். ரீபூட் ஆனா சிஸ்டம் டிஸ்க்குக்கு வைக்குற பேரு எஸ்டிபில இருந்து எஸ்டிசியா மாறிடலாம், அத நம்பி உருவினா நல்ல டிஸ்க் கைல வந்துரும்.

—

அண்ணே, டிஸ்க் வாங்கும்போது சிஎம்ஆரா எஸ்எம்ஆரான்னு பாக்க சொல்லுங்க. 2020ல மூணு பெரிய கம்பெனியுமே சில மாடல்கள்ல சொல்லாமலே எஸ்எம்ஆர் போட்டு வித்தது வெளிய வந்துச்சு. சிஎம்ஆர்ல டேட்டா எழுதுற ட்ராக் தனித்தனியா இருக்கும், எஸ்எம்ஆர்ல ஒண்ணு மேல ஒண்ணு ஏறி இருக்கும், ஓடு வேஞ்ச மாதிரி, ஒண்ண மாத்தி எழுதணும்னா பக்கத்துல இருக்குறதையும் சேத்து எழுதணும். சாதாரணமா ஃபைல் வச்சு எடுக்க தெரியாது, ரீபில்ட் ஓடும்போதுதான் நொண்டும். அப்புறம் டெஸ்க்டாப் டிஸ்க் வேணாம், கெட்ட செக்டார் வந்தா ரொம்ப நேரம் திரும்ப திரும்ப படிச்சிட்டே இருக்கும், கார்டு பொறுமை இழந்து டிஸ்க்கே செத்துப் போச்சுன்னு வெளிய தள்ளிடும். நாஸ்னு சொல்ற நெட்வொர்க் ஸ்டோரேஜ் பெட்டிக்குன்னே வர்ற டிஸ்க்குன்னா 7 விநாடில கைவிட்டு பிழைன்னு சொல்லிடும்.

—

நான் மதுரைல ஆடிட்டர் ஆபீஸ் சார், எங்க பட்ஜெட்டுக்கு ரெண்டு டிஸ்க், கார்டு இல்லாம லினக்ஸே மிரர் பண்ணிக்குற சாஃப்ட்வேர் ரெய்டு 1, அவ்வளவுதான். ரிட்டர்ன் கடைசி வாரத்துல மதர்போர்டு போச்சு. ரெண்டு டிஸ்க்கையும் கழட்டி பக்கத்து சிஸ்டத்துல மாட்டி அந்த ரெய்ட திரும்ப சேக்குற எம்டிஏடிஎம் அசெம்பிள் கமாண்ட் கொடுத்தேன், டீ வர்றதுக்குள்ள டேலி ஓப்பன் ஆயிருச்சு. ரெய்டு கார்டா இருந்தா அதே குடும்பத்து கார்டு தேடி அலையணும். எந்த இடம் மாறுச்சுன்னு குறிச்சு வைக்குற பிட்மேப்ப ஆன் பண்ணி வைங்க, கேபிள் லூசாகி ஒரு டிஸ்க் விலகினாலும் திரும்ப சேக்கும்போது மாறின இடத்த மட்டும்தான் சிங்க் பண்ணும். டிஸ்க் தன்னோட நிலைமைய தானே சொல்ற ஸ்மார்ட் லிஸ்ட்ல 199ம் நம்பர் (கேபிள் வழி பிழை) எண்ணிக்கை ஏறுதுன்னா முதல்ல கேபிள மாத்துங்க, 5, 197ம் நம்பர் (கெட்ட செக்டார்) ஏறுதுன்னாதான் டிஸ்க்க சந்தேகப்படணும்.

எனக்கு ஒரு டவுட், ஒரு டிஸ்க் போனா தானா வேலைக்கு வர்ற மாதிரி உள்ளயே மாட்டி வைக்குற ஹாட் ஸ்பேர் கட்டாயமா?

—

ராத்திரி ஆள் இல்லாத இடம்னா போடுங்க சார். உங்க ஆபீஸ்ல ஆள் இருக்கும்போது அலமாரில ஒரு டிஸ்க் இருந்தா போதும், ஆனா அது கட்டாயம் இருக்கணும், போனப்புறம் ஆர்டர் போட்டா கொரியர் வர்ற வரைக்கும் ஒத்தக் கால்லதான் நிக்கணும். வாங்கினதும் அப்படியே உள்ள வச்சிராதீங்க, டிஸ்க் முழுசையும் படிச்சுப் பாக்குற ஸ்மார்ட் லாங் டெஸ்ட் ஒண்ணு ஓட்டிப் பாத்துட்டு வைங்க. யாராவது ஃபோல்டர டெலீட் பண்ணா மிரர் அதையும் சேத்தே ரெண்டு பக்கமும் அழிக்கும், அதனால நான் மணிக்கு ஒரு ஸ்னாப்ஷாட் (அந்த நேரத்துல ஃபைல் இருந்த நிலைமைய பதிவு பண்ணி வைக்குறது), ராத்திரி வேற பில்டிங்ல இருக்குற மெஷினுக்கு காப்பினு தனியா ஓட்டுறேன்.