புதுப்பிப்பு: மெட்ரிக் கணக்கிலிருந்து முதலாண்டுக் கால்குலஸுக்கு

டர்பனின் சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ் பகுதிப் பிள்ளைகள் மெட்ரிக் (தென்னாப்பிரிக்காவின் 12-ஆம் வகுப்பு இறுதித் தேர்வு) முடித்துப் பல்கலைக்கழகக் கணக்குக்குத் தயாராவது பற்றி எழுதிய முந்தைய இழையில் “பழைய மெட்ரிக் தாள்களைப் போட்டுப் பார்த்தால் போதும்” என்றிருந்தேன். போதாது, திருத்திக்கொள்கிறேன்.

மெட்ரிக்கில் கோணம் எல்லாம் பாகையில்தான். பல்கலைக்கழகக் கால்குலஸ் ரேடியனில் (π ரேடியன் = 180 பாகை) நடக்கும். கால்குலேட்டரை மாற்ற மறந்தால் சைன் 1 என்பது 0.8415-க்குப் பதிலாக 0.01745 என்று வரும். பிழை என்றே தெரியாது. π/6, π/4, π/3 கோணங்களின் சைன், கோசைன் மதிப்புகளை இப்போதே மனப்பாடம் செய்யுங்கள். அடுத்து வகையிடல்: பள்ளியில் அடிப்படை வரையறையும் அடுக்கு விதியும்தான். (2x+1)⁵-க்குச் சங்கிலி விதி (சார்புக்குள் சார்பு இருந்தால் வகையிடும் முறை) வேண்டும். தொகையிடல் பாடத்திட்டத்திலேயே இல்லை. ஆனால் இவை அங்கே சொல்லித்தருவார்கள், பயப்பட வேண்டாம்.

யாரும் சொல்லித்தராதது இயற்கணிதம். ஆளைக் கவிழ்ப்பதும் அதுதான். அடிக்கடி வரும் பிழைகளில் √(x²+9)-ஐ x+3 என்று எழுதுவது ஒன்று. 3/(x−2) < 1 என்பதில் பகுதியான x−2-ஆல் பெருக்கி x > 5 என்று முடிப்பது இன்னொன்று. x−2 குறை எண்ணாக இருந்தால் குறி திரும்புமே! எல்லாவற்றையும் ஒரே பக்கம் கொண்டுவாருங்கள்: (5−x)/(x−2) < 0. குறி அட்டவணை போட்டால் விடை x < 2 அல்லது x > 5.

என்பிடி (NBT, பல்கலைக்கழகச் சேர்க்கைக்கான தேசியத் தேர்வு) கணிதத் தேர்வு பற்றிக் கேட்டவர்களுக்கு: அங்கே கால்குலேட்டர் கிடையாது. தினமும் 20 நிமிடம் பின்னம், மூலம், அடுக்குகளைக் கையால் போடுங்கள். மெட்ரிக்கில் கணிதத்துக்குப் பதிலாக மேத்தமேட்டிக்கல் லிட்டரசி (அன்றாடக் கணக்கு) எடுத்தவர்களுக்கு இந்த வழி பொருந்தாது. அது வேறு பாடம்.