4 டிபி ஹார்ட் டிஸ்க் சேர்வரில் 2 டிபியாக மட்டும் காட்டுது, உதவி தேவை

களரிப்பதிவு (ஆரையம்பதி), செவ்வாய் இரவு

வணக்கம். எங்கட ஊர்ப் பெடியன்கள் சிலர் சேர்ந்து கூத்துகளைப் பதிவு செய்து சேர்த்து வைக்கிறம். வடமோடி, தென்மோடி என்ட ரெண்டு கூத்து வகையும். அரங்கேற்றம் இரவு தொடங்கினா விடியும் வரைக்கும் போகும். வட்டக்களரிக்கு (கூத்தாடுற வட்ட மேடை) ரெண்டு பக்கமும் ரெண்டு கமெரா வைப்பம், ஒவ்வொன்றும் செக்கனுக்கு 50 மெகாபிட். எட்டு மணித்தியாலத்துக்கு ரெண்டும் சேர்ந்து 360 ஜிபி வரும். இருந்த 2 டிபி டிஸ்க் நிரம்பிட்டுது.

இதுக்கென்டே பழைய டவர் சேர்வர் ஒன்று வச்சிருக்கம். உபுண்டு போட்டிருக்கு. டிஸ்க் எல்லாம் உள்ளுக்க இருக்கிற எஸ்ஏஎஸ் கார்டிலதான் (டிஸ்குகளை மெசினோட இணைக்கிற கார்டு) கொழுவியிருக்கு. போன கிழமை காசு சேர்த்து புது 4 டிபி டிஸ்க் ரெண்டு வாங்கினம். ரெண்டையும் அதே கார்டில கொழுவினா ரெண்டுமே 2.2 டிபி என்டுதான் காட்டுது. கேபிள் மாத்தினன், பயோஸ் புதுசாக்கினன், ஒன்றும் மாறல்ல. வித்த கடையில "டிஸ்க் நல்லது, உங்கட மெசின்தான் பழசு" என்டு சொல்லி அனுப்பிட்டாங்க.

எங்களுக்குப் படிப்பிக்கிற அண்ணாவியாருக்கு எழுபது தாண்டிட்டு. அவர் ஆடிக் காட்டின தாளக்கட்டெல்லாம் அந்தப் பழைய டிஸ்கிலதான் இருக்கு. பிழையான டிஸ்கில கொப்பி பண்ணித் தொலைச்சிடக் கூடாது. அதுதான் பயம்.

செங்கலடியான்

தம்பி, இது எம்பிஆர் பிரச்சினை. எம்பிஆர் என்ட பழைய பார்ட்டிஷன் அட்டவணையில (டிஸ்கை எப்படிப் பகுதி பிரிச்சிருக்கு என்டு எழுதி வைக்கிறது) செக்டர் (டிஸ்கின்ட சின்னத் துண்டு) இலக்கத்துக்கு 32 பிட் இடம்தான். ஒரு செக்டர் 512 பைட் என்டா 2.2 டிபியோட முடிஞ்சிடும். ஜிபிடி என்ட புது அட்டவணைக்கு மாத்துங்க, சரி வரும்.

களரிப்பதிவு

அண்ணா, சொல்ல மறந்திட்டன். ரெண்டு டிஸ்குக்கும் பார்ட்டெட் என்ட கட்டளையால ஜிபிடி போட்டுத்தான் பார்த்தன். மறுபடியும் அதே 2.2.

காத்தான்குடி ரிப்பேர்

தம்பி, முதல்ல ஒன்று. அந்த டிஸ்குகள்ல ஒரு ஃபைலும் போடாதீங்க. முழு அளவு கண்ணால கண்ட பிறகுதான் கொப்பி.

எம்பிஆர் பிரச்சினை என்டா டிஸ்க் முழுசாத் தெரியும், பார்ட்டிஷன் மட்டும்தான் 2 டிபியில நிற்கும். விண்டோஸ்ல பார்த்தா 2048 ஜிபி ஒரு பக்கம், மிச்சம் 1678 ஜிபி ஒதுக்காத இடம் என்டு கறுப்புக் கோட்டோட கிடக்கும். உங்களுக்கு டிஸ்கே சின்னதாத் தெரியுது. அது வேற வருத்தம், வேற மருந்து.

டிமெசேஜ் கட்டளையை (சிஸ்டம் எழுதி வச்ச செய்திகளைக் காட்டும்) ஓட்டி, அந்த டிஸ்குக்கு எத்தினை லொஜிக்கல் புளொக் (செக்டர்தான்) என்டு சொல்லுது என்டு ஒரு இலக்கம் விடாம எழுதுங்க. எல்எஸ்பிசிஐ கட்டளை போட்டு கார்டின்ட சிப் இலக்கத்தையும் பார்த்துச் சொல்லுங்க.

களரிப்பதிவு

நானா, ரெண்டு டிஸ்குக்கும் ஒரே இலக்கம்: 4294967296. சிப் எஸ்ஏஎஸ் 1068ஈ என்டு இருக்கு.

காத்தான்குடி ரிப்பேர்

சரி, ஆளைப் பிடிச்சாச்சு. 4294967296 என்டது இரண்டை 32 தரம் பெருக்கினா வாற எண். நல்ல 4 டிபி டிஸ்கில 7814037168 செக்டர் இரிக்கும். ரெண்டு டிஸ்க் சேர்ந்து ஒரே நாள்ல பழுதாகி, அதுவும் இப்படி ஒரு எண்ணில வந்து நிற்காது. டிஸ்க் நல்லம். எம்பிஆர் எங்க முட்டி நிற்குதோ அதே 32 பிட்லதான் இந்தக் கார்டும் நிற்குது, ஆனா இங்க நிற்கிறது சிப்.

எப்படி என்டா, சிஸ்டம் டிஸ்கிட்ட "உன்ட கடைசிச் செக்டர் எத்தினையாவது" என்டு கேட்கும். பழைய கேள்விக்கு விடை எழுத 32 பிட் கட்டம்தான் இரிக்கு. அதுக்குள்ள அடங்காட்டி நீளமான புதுக் கேள்வியைக் கேட்கணும். இடையில இரிக்கிற இந்தக் கார்டு அந்தப் பெரிய எண்ணைக் கடத்திக் கொடுக்காது. 3 டிபி போட்டாலும் 8 டிபி போட்டாலும் 2.2 என்டுதான் சொல்லும். ஃபேர்ம்வெயார் (கார்டுக்குள்ள இரிக்கிற மென்பொருள்) மாத்தியும் தீராது, நான் மாத்திப் பார்த்து நாள் போனதுதான் மிச்சம்.

வழி ரெண்டு. மதர்போர்ட்ல சாட்டா போர்ட் (டிஸ்கை நேரா கொழுவுற இடம்) சும்மா இரிந்தா புது டிஸ்குகளை அதுல கொழுவுங்க, செலவில்ல. இல்லாட்டி எஸ்ஏஎஸ் 2008 சிப் உள்ள கார்டு ஒன்று பாவிச்சது எடுங்க, அது 2 டிபிக்கு மேல பிரச்சினை இல்லாம எடுக்கும். வாங்க முதல் இப்ப உள்ள கேபிள்ட முனையைப் பாருங்க. தட்டையா அகலமா இரிந்தா அது பழைய 8484 முனை. புதுக் கார்டுக்கு உலோகக் கொளுவி உள்ள சின்ன 8087 முனை வேணும், கேபிளும் சேர்த்து வாங்கணும். கார்டை மட்டும் வாங்கிட்டு வந்து கையைப் பிசைஞ்ச ஆக்களைக் கண்டிரிக்கன்.

கல்முனை

இவ்வளவு கஷ்டம் எதுக்கு? யூஎஸ்பி பெட்டி ஒன்றுக்குள்ள டிஸ்கைப் போட்டு சேர்வர்ல குத்தினா முடிஞ்சுது.

வந்தாறுமூலை லினக்ஸ்

பெட்டியை நம்பி இறங்க வேண்டாம் என்பேன். சில பெட்டிகள் 512 பைட் செக்டர்களை எட்டெட்டாகச் சேர்த்து 4096 பைட்டாகச் சேர்வருக்குக் காட்டும். பெட்டிக்குள் இருக்கும்வரை எல்லாம் சரியாக ஓடும். பெட்டி பழுதாகி டிஸ்கைக் கழற்றி நேராகக் கொழுவினால் பார்ட்டிஷன் ஒன்றுமே இல்லாதது போல் தெரியும். தரவு உள்ளேதான் இருக்கும், ஆனால் முகவரிக் கணக்கு எட்டு மடங்கு மாறிப்போயிருக்கும். இப்படி ஒரு டிஸ்கை வெற்று டிஸ்க் என்று நினைத்து ஃபோர்மட் செய்தவரை எனக்குத் தெரியும். கூத்துப் பதிவுக்கு அந்த நிலை வரவே கூடாது.

நானா சொன்னதோடு இன்னொன்று. சில பழைய டிரைவர்களும் பெட்டிகளும் 2.2 டிபியில் நிற்காமல், அதைக் கழித்துவிட்டு மிச்சத்தை மட்டும் காட்டும். என்னுடைய 3 டிபி டிஸ்க் பழைய விண்டோஸ் கணினியில் 746 ஜிபி என்று தெரிந்தது. அதுதான் மிக ஆபத்தானது. எல்லை தாண்டி எழுதினால் டிஸ்கின் தொடக்கத்துக்கே திரும்பி வந்து, முதல் எழுதியதன் மேலேயே எழுதிவிடக்கூடும். களரிப்பதிவு, உங்களுக்கு அந்த நிலை இல்லை என்பது நிம்மதி.

களரிப்பதிவு, வியாழன்

மதர்போர்ட்ல சாட்டா போர்ட் நாலு இருக்கு! பயோஸ்ல அணைச்சு வச்சிருந்ததால இவ்வளவு நாளும் கண்ணில படல்ல. திறந்து, மோடை ஏஎச்சிஐக்கு (சாட்டா டிஸ்குகளுக்கான வழமையான மோட்) மாத்தினன். உபுண்டு இருக்கிற டிஸ்க் பழைய கார்டிலயே இருக்கிறதால பூட் ஆகிறதுக்கு ஒரு இடைஞ்சலும் வரல்ல.

ஒரு டிஸ்க் உடனே 7814037168 என்டு காட்டிச்சு. மற்றது வரவே இல்ல, சுத்துற சத்தமும் இல்ல. அதோட, வந்த டிஸ்கை ஜிடிஸ்க்ல (ஜிபிடி அட்டவணையைத் திருத்துற கட்டளை) திறந்து சரிபார்த்தா, ஜிபிடியின் மாற்றுப் பிரதி டிஸ்கின் கடைசியில இல்லை என்டு எச்சரிக்கை வருது. இது ஏன்?

காத்தான்குடி ரிப்பேர்

சுத்தாத டிஸ்குக்கு பவர் முனையைப் பாருங்க தம்பி. கடற்கரைப் பக்கம் உப்புக்காத்து பட்டுப் பட்டு முனையெல்லாம் பச்சை பிடிக்கும். எங்கட பக்கத்து மெசின்கள்ல பாதி வருத்தம் அதுதான். கரண்டை முழுசாக் கழட்டிட்டு, ஐசோபுரோப்பைல் அற்ககோல்ல பஞ்சை நனைச்சுத் துடைச்சு, காய விட்டுட்டு மறுகா கொழுவுங்க.

எச்சரிக்கைக்குப் பயப்பட வேணாம். ஜிபிடி அட்டவணையின்ட ஒரு பிரதி டிஸ்கின்ட தலையில, மற்றது வாலில எழுதப்படும். நீங்க அதைப் போட்ட நேரம் கார்டு "2.2 டிபியில டிஸ்க் முடியுது" என்டு சொன்னதால வால் பிரதியை அங்க எழுதிட்டுது. இப்ப உண்மையான வால் தூரத்தில இரிக்கு. ஜிடிஸ்க்ல எக்ஸ் அடிச்சு நிபுணர் பக்கத்துக்குப் போய், ஈ அடிச்சா பிரதியைக் கடைசிக்கு நகர்த்தும். டபிள்யூ அடிச்சா எழுதும். உங்கட டிஸ்கில ஒன்றும் இல்லாததால புதுசா ஜிபிடி போட்டாலும் போதும், அதுதான் சுத்தம்.

வந்தாறுமூலை லினக்ஸ்

எஃப்எஸ்டேப் கோப்பில் (எந்த டிஸ்கை எங்கே இணைப்பது என்ற பட்டியல்) எஸ்டிபி, எஸ்டிசி என்று டிஸ்கின் பெயர் போட்டிருந்தால் யூயூஐடிக்கு (மாறாத அடையாள எண்) மாற்றிவிடுங்கள். போர்ட் மாறும்போது அந்தப் பெயர்களும் இடம் மாறும்.

களரிப்பதிவு, சனி காலை

முனை பச்சைதான் நானா! துடைச்சுக் கொழுவினதும் ரெண்டாவதும் சுத்திச்சு, அதுவும் 7814037168. ரெண்டுக்கும் புதுசா ஜிபிடி போட்டு ஈஎக்ஸ்டி4 (லினக்ஸ் கோப்பு முறை) ஆக்கினன். இப்ப 3.6 என்டு காட்டுது. 4 டிபியை 1000க்குப் பதிலா 1024 கணக்கில எண்ணினா வாற கணக்கு அதுதான் என்டு விளங்கிட்டு.

கொப்பி பண்ண முதல் ரெண்டுக்கும் ஸ்மார்ட் நீளச் சோதனை (டிஸ்க் தன்னைத் தானே சோதிக்கிறது) ஓட்டினன். நேற்றுப் பின்னேரம் தொடங்கி இரவு முழுக்க ஓடிச்சு. கரண்ட் போனாலும் என்டு யூபிஎஸ் பக்கத்திலயே படுத்தன். விடிய வெள்ளண முடிஞ்சுது, ரெண்டிலயும் பிழை இல்ல. இப்ப பழைய டிஸ்கில இருந்து முதலாவதுக்குப் போகுது, செக்சம் (ஃபைலின்ட சரிபார்ப்பு எண்) போட்டு ஒப்பிட்ட பிறகு ரெண்டாவதுக்கு.

காத்தான்குடி ரிப்பேர்

சந்தோசம் மகன். ரெண்டாவது கொப்பி முடிஞ்சதும் அந்த டிஸ்கைக் கழட்டி வேற வீட்டில, மழை வெள்ளம் ஏறாத உயரத்தில வைங்க. பழையதையும் இப்போதைக்கு அழிக்காதீங்க.

களரிப்பதிவு

ஓம் நானா. அது அண்ணாவியார் வீட்டு அலுமாரிக்குப் போகுது. கூத்துக் கொப்பிகள் வைக்கிற தட்டில இடம் ஒதுக்கித் தந்திருக்கார்.